உலகத்து மொழிகளில் எல்லாம் அம்மாவுக்கு ‘ம’ வருவது ஏன்?

கேள்வி இதுதான்: கொரிய நாடகத்தில் ‘ஒம்மா’ என்கிறார்கள், சீனர்கள் ‘மாமா’ என்கிறார்கள், அரபியில் ‘உம்மு’, சுவாகிலியில் ‘மாமா’. எல்லாமே நம்ம ‘அம்மா’ மாதிரியே இருக்கிறதே, இவையெல்லாம் தமிழிலிருந்து போன சொற்களா?

இல்லை. இதைச் சொன்னால் கோபப்படுகிறவர்கள் உண்டு, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு சம்பவம். மதுரை புது மண்டபத்தில் தையல்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த காலம். ஒரு வெள்ளைக்காரக் குழந்தை, மூன்று வயதிருக்கும், கூட்டத்தில் தாயைத் தவறவிட்டு “மாமா, மாமா” என்று கத்தி அழுதது. வளையல் விற்ற அம்மா தூக்கி வைத்துக்கொண்டு, “அழுகாத கண்ணு, மாமா கூட வந்தியா? மாமா எந்தப் பக்கம் போனாரு?” என்று கேட்கிறார். நாலைந்து பேர் சேர்ந்து அந்த ‘மாமாவை’த் தேடுகிறோம். உயரமான வெள்ளைக்கார ஆண் யாராவது தென்படுகிறாரா என்று தூண் தூணாகப் பார்க்கிறோம். கடைசியில் தலைதெறிக்க ஓடிவந்தது ஒரு பெண். குழந்தை “மாமா” என்று அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அவர்கள் ரஷ்யர்கள். ஒரு தையல்காரர் ஊசியை எடுக்காமலே சொன்னார்: “பெத்தவளப் போயி மாமாங்குதே.”

ரஷ்யனில் ‘மாமா’ என்றால் அம்மா. நமக்கோ அம்மாவின் தம்பி, அண்ணன். அழகர் மாதிரி, சீர் கொண்டு வருகிறவர். ஒரே ஒலி, இரண்டு ஆட்கள். ஒலி ஒத்துப்போவதால் மட்டும் சொல் ஒன்றாகிவிடாது என்று அன்றைக்கே எங்களுக்குப் பாடம் நடந்துவிட்டது.

சரி, அப்படியானால் ‘ம’ ஏன் இத்தனை இடத்தில் வருகிறது?

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் எளிதில் புரியும். பேரனுக்கு ஏழு மாதம். பாலுக்கு நேரமானால் “ம்ம்ம்... மமம்மம்” என்று சிணுங்குவான். மகள் ஓடிவந்து, “பாருங்கப்பா, அம்மான்னு கூப்பிடுறான்” என்பாள். என் ஆத்தாவுக்கு எண்பத்து நாலு வயது. திண்ணையில் இருந்தபடியே, “ஒன்னய எங்கடி கூப்பிட்டான்? மம்மு கேக்குறான், பசிக்குது பிள்ளைக்கு” என்பாள். இந்தச் சண்டை தினமும் நடந்தது.

இதே விஷயத்தை ரோமன் யாக்கப்சன் என்ற மொழியியலாளர் 1959-இல் எடுத்துப் பேசினார். ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்தவர். அவர் சொன்னதன் சாரம்: குழந்தை பால் குடிக்கும்போது உதடு மூடியிருக்கிறது, வாய் நிறைந்திருக்கிறது. அந்த நிலையில் குரல் வெளியே வர மூக்கைத் தவிர வேறு வழியில்லை. வருவது ‘ம்ம்’. பிறகு பால் வேண்டும் என்றாலும், புட்டியைப் பார்த்தாலும், பால் தருகிறவளைப் பார்த்தாலும் அதே முனகல் வருகிறது. முனகிக்கொண்டே வாயைத் திறந்தால் ‘மா’. ஆக அது முதலில் யாருடைய பெயரும் இல்லை, பசியின் ஒலி. அதைப் பெயராக ஆக்கிக்கொள்வது பெரியவர்கள்தான். என் மகள் சொன்னதும் சரி, ஆத்தா சொன்னதும் சரி. ஆத்தா சொன்னது முதல் கட்டம், மகள் சொன்னது அடுத்த கட்டம். (ஆத்தாவிடம் இதை விளக்கினேன். “இதுக்கு அமெரிக்கா வரைக்கும் போகணுமா?” என்றாள்.)

பசுவும் கன்றும் ‘அம்மா’ என்று தமிழில் கத்துகின்றன என்று மேடையில் சொல்வார்கள். மூடிய வாயில் குரல் தொடங்கி, பிறகு வாய் திறந்தால் யாருக்கும் அந்த ஒலிதான் வரும். மாட்டுக்குத் தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது.

பசிக்கும் தாய்க்கும் ஒரே சொல் என்பதற்கு நம்மிடமே அருமையான சாட்சி இருக்கிறது. இங்கிருந்து தெற்கே ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் பெரியாழ்வார். யசோதையாக நின்று கண்ணனிடம் பாடுகிறார்: “உன்னை அறிந்துகொண்டேன், உனக்கு அஞ்சுவன் அம்மம் தரவே.” சாதாரணப் பிள்ளை என்று நினைத்தேன், நீ யாரென்று தெரிந்துவிட்டது, இனி உனக்குப் பால் கொடுக்கப் பயமாக இருக்கிறது என்கிறாள். அம்மம் என்றால் தாய்ப்பால், தாயின் முலை. ‘அம்மா’வுக்கும் ‘மம்மு’வுக்கும் நடுவில் அப்படியே உட்கார்ந்திருக்கிற சொல். லத்தீனிலும் ‘மம்மா’ என்றால் முலை, அம்மாவும்கூட. பாலூட்டிகளுக்கு ‘மம்மாலியா’ என்று 1758-இல் லின்னேயஸ் பெயர் வைத்தது அந்தச் சொல்லிலிருந்துதான். லத்தீன்காரர் பெரியாழ்வாரிடம் கடன் வாங்கவில்லை, பெரியாழ்வாரும் வாங்கவில்லை. இரண்டு ஊரிலும் குழந்தைக்குப் பசித்தது, அவ்வளவுதான்.

கணக்கும் உண்டு. ஜார்ஜ் மர்டாக் என்ற மானுடவியலாளர் உலகின் பல சமூகங்களிலிருந்து அம்மாவுக்கு 531, அப்பாவுக்கு 541, மொத்தம் 1,072 சொற்களைத் திரட்டினார். அம்மாவுக்கான சொற்களில் 52 சதவீதம் ம, ந வகை ஒலிகளில் அமைந்திருந்தன, அப்பாவுக்கானவற்றில் 15 சதவீதம் மட்டும். ப, த வகை ஒலிகள் அப்பாவுக்கான சொற்களில் 55 சதவீதம், அம்மாவுக்கானவற்றில் 7 சதவீதம். சாய்வு தெளிவாகத் தெரிகிறது. ஆனால் 52 என்பது நூறு இல்லை என்பதையும் பாருங்கள். எனக்கு அந்த மிச்சம்தான் பிடிக்கும்.

ஜார்ஜிய மொழியில் அம்மா ‘தேதா’, அப்பா ‘மாமா’. புது மண்டபத்தில் அழுதது ஜார்ஜியக் குழந்தையாக இருந்திருந்தால் நாங்கள் ஆணைத் தேடியது சரியாகியிருக்கும். ஆஸ்திரேலியாவின் நடுப்பாலைவனத்துப் பழங்குடிகள் பேசும் பிட்ஜன்ஜாரா மொழியிலும் ‘மாமா’ அப்பாதான். கிரீன்லாந்தில் அம்மா ‘அனானா’, அப்பா ‘அதாதா’. குஜராத்தியில் அம்மாவை ‘பா’ என்பார்கள். கஸ்தூர்பாவின் கடைசியில் இருக்கிறதே, அந்த ‘பா’தான். எங்கள் காந்தி அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள் அது முழுப் பெயர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கஸ்தூர் என்பது பெயர், பா என்பது அம்மா. அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் பாபு, அதாவது அப்பா. ஆக அந்த வீட்டில் அம்மாவும் அப்பாவும் இரண்டு பேருமே ‘ப’.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுவது துளு. நம்ம திராவிடக் குடும்பத்து மொழி, மங்களூர், உடுப்பிப் பக்கம். மதுரையில் ஒரு உடுப்பி ஓட்டலில் கல்லாவில் இருந்த பெரியவர் தினமும் சாயங்காலம் ஊருக்குப் போன் பேசுவார். ‘அப்பெ, அப்பெ’ என்று குழைந்து குழைந்து பேசுவதைக் கேட்டு, வயதான தகப்பனார் மேல் இவ்வளவு பாசமா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கேட்டேவிட்டேன், “அப்பாவுக்கு உடம்பு எப்படி இருக்கு?” அவர் சிரித்துவிட்டார். துளுவில் ‘அப்பெ’ என்றால் அம்மா. அப்பாவுக்கு? ‘அம்மெ’. நமக்கு நேர் தலைகீழ். தமிழுக்கு இவ்வளவு நெருங்கிய சொந்தக்காரன் வீட்டிலேயே இப்படி மாறிக்கிடக்கிறது. கொரியாவில் ஒத்துப்போவதை வைத்து எதை நிறுவுவது?

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். மதுரை, தேனிப் பக்கம் ராவுத்தர் வீடுகளில் அப்பாவை ‘அத்தா’ என்பார்கள். அடுத்த தெருவில், எங்கள் வீட்டில், அம்மா ‘ஆத்தா’. ஒரு நெடில் கூடினால் ஆள் மாறிவிடும். சின்ன வயதில் என் கூட்டாளி “அத்தா அடிப்பாரு” என்பான், நான் “ஆத்தா அடிக்கும்” என்பேன். எங்கள் இருவருக்கும் ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. வெளியூரிலிருந்து வந்த கணக்கு வாத்தியாருக்குத்தான் வந்தது. துருக்கியில் ‘அதா’ என்றால் தகப்பன், பழைய காத்திக் மொழியில் ‘அத்தா’ என்றால் தகப்பன். அதை வைத்துக்கொண்டும் ஆளாளுக்கு ஒரு வரலாறு எழுதலாம். எழுதுகிறார்கள்.

அப்படியானால் இரண்டு மொழிகள் சொந்தம் என்று எதை வைத்துச் சொல்வது? மழலைச் சொற்களை வைத்துச் சொல்லவே கூடாது, ஏனென்றால் அவை தலைமுறைக்குத் தலைமுறை தொட்டிலில் புதிதாகப் பிறக்கின்றன. மாற்றம் ஒழுங்காக விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தமிழில் சொல்லின் தொடக்கத்தில் ‘ப’ இருந்தால் கன்னடத்தில் ‘ஹ’ நிற்கிறது: பால் ஹாலு, பல் ஹல்லு, பாம்பு ஹாவு. ஒன்றிரண்டு இல்லை, வரிசையாக வரும். இதுதான் சாட்சி. தென்னக மொழிகள் ஒரு குடும்பம் என்று 1816-இல் சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் காட்டியதும் இப்படி வேர்ச்சொற்களைப் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கித்தான். (அந்த மனிதர் 1819-இல் நம் ராமநாதபுரத்தில்தான் இறந்துபோனார்.) சமஸ்கிருதத்தின் ‘மாத்ரு’, பாரசீகத்தின் ‘மாதர்’, லத்தீனின் ‘மாதெர்’, ஆங்கிலத்தின் ‘மதர்’ நான்கும் சொந்தம் என்று சொல்வதும் முன்னால் இருக்கிற ‘மா’வுக்காக இல்லை. பின்னால் தொங்கும் ‘தர்’ என்ற உறவு விகுதி அண்ணன், அப்பன் பெயர்களிலும் ஒழுங்காக வருகிறதே, அதற்காக. அல்பேனியனில் அந்தப் பழைய ‘மாதர்’ சொல்லே ‘மோதர்’ என்று அக்கா தங்கையைக் குறிக்கப் போய்விட்டது. ஒலி ஒழுங்காக வந்திருக்கிறது, ஆள் மாறிவிட்டாள். இருந்தும் அது சொந்தம்தான்.

கொரியன் பற்றிக் கேட்டீர்கள். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் நூற்றிருபது வருடத்துக்கு முன்னாலேயே கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு இலக்கண நூல் போட்டார். ஒழுங்கான ஒலி மாற்றம் எதையும் அவரோ பின்னால் வந்தவர்களோ நிறுவவில்லை. மொழியியலாளர்கள் அந்தச் சொந்தத்தை ஏற்கவில்லை. ‘ஒம்மா’, ‘அப்பா’ இரண்டையும் கேட்டு உடம்பு சிலிர்ப்பது இயற்கை, எனக்கும் சிலிர்த்தது. ஆனால் அதை விட்டுவிட்டு ‘கண்’ணுக்கும் ‘நீரு’க்கும் அங்கே என்ன என்று பாருங்கள்: ‘நுன்’, ‘முல்’.

இனி நான் உண்மையில் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். ‘ம’ குழந்தை போட்டுக்கொடுத்தது. அதில் எந்த மொழிக்கும் பெருமை இல்லை. மொழி தன் கையால் செய்தது எது என்று தேடினால்தான் சுவையான இடம் வரும். தமிழில் அது ‘அம்மா’ இல்லை, ‘தாய்’.

குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டு எல்லோருக்கும் தெரியும். “யாயும் ஞாயும் யாரா கியரோ, எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்.” என் தாயும் உன் தாயும் யார் யாரோ என்று பள்ளிக்கூடத்தில் பொருள் எழுதிவிட்டுப் போய்விட்டோம். நின்று பாருங்கள். யாய் என்றாலே என் தாய். ‘என்’ தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை. ஞாய் என்றால் உன் தாய். அப்புறம் தாய்? அவனுடைய, அவளுடைய, அவர்களுடைய தாய். ‘ஆய்’ என்பது அடிச்சொல், அதன் முன்னால் யாருடையவள் என்ற குறி ஒட்டிக்கொண்டிருக்கிறது. எந்தை, நுந்தை, தந்தையும் அப்படி. எம்பி, நும்பி, தம்பியும் அப்படி. தங்கையும் அதே குடும்பம்.

காலப்போக்கில் யாயும் ஞாயும் போயின. மூன்றாம் ஆளுக்குரிய வடிவம் மட்டும் எல்லோருக்கும் பொதுவாக நின்றுவிட்டது. அதனால் இன்றைக்கு ‘என் தாய்’ என்று எழுதும்போது, பழைய கணக்குப்படி ‘என் அவனுடைய அம்மா’ என்று எழுதுகிறோம். தப்பில்லை, ஆயிரம் வருடமாக எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் வீட்டில் பெற்றவளை யாரும் ‘தாய்’ என்று கூப்பிடாததற்கு இந்தப் பழைய வாசனை ஒரு காரணமோ என்று நான் நினைப்பதுண்டு. கோயிலில் ‘தாயே மீனாட்சி’ என்போம், தாகத்துக்கு முன்பின் தெரியாத வீட்டு வாசலில் நின்று “தாயி, கொஞ்சம் தண்ணி குடு” என்போம். சொந்தத் தாயைச் சொல்ல மாட்டோம்.

இந்த ‘த’ கன்னடத்தில் தாயி, தந்தெ, தம்ம, தங்கி என்று நிற்கிறது. தெலுங்கில் தண்ட்ரி, தம்முடு. இதுதான் சொந்தம். ‘அம்ம’ அங்கேயும் இருக்கிறது என்பது சாட்சியில்லை. ‘தம்பி’க்குள் இருக்கிற அந்த ‘தம்’ அங்கேயும் உறைந்து கிடப்பது சாட்சி.

இப்படி யாருடைய தாய் என்று சொல்லாமல் தாயைச் சொல்லவே முடியாத மொழிகள் வேறு உண்டு. அமெரிக்கப் பழங்குடிகளின் நவஹோ மொழியில் ‘ஷிமா’ என் தாய், ‘நிமா’ உன் தாய், ‘பிமா’ அவன் தாய். மொட்டையாக ‘மா’ என்று சொல்ல முடியாது. யாய், ஞாய், தாய் வரிசையை அப்படியே பக்கத்தில் வைக்கலாம். சொற்களுக்குள் எந்தச் சொந்தமும் இல்லை, யோசனை மட்டும் ஒன்று. ஜப்பானியர்களுக்கு வேறு வழி. தன் அம்மாவைப் பற்றி வெளியாரிடம் பேசும்போது ‘ஹஹ’, எதிராளியின் அம்மாவைச் சொல்லும்போது மரியாதையாக ‘ஒகாசான்’. அந்த ‘ஹஹ’ ஒரு காலத்தில் ‘பபா’ என்று இருந்தது, ஒலி தேய்ந்து ஹகரமாயிற்று. அதாவது பழைய ஜப்பானில் அம்மாதான் பபா. யாக்கப்சன் சாப்பிட உட்கார்ந்தால் இலையில் இப்படி ஒரு கல்லும் கிடக்கும்.

பின்லாந்துக்காரர்கள் இன்னும் விசேஷம். அம்மா என்ற சொல்லையே கடன் வாங்கியவர்கள். இப்போது அவர்கள் சொல்லும் ‘ஆய்தி’ பழைய ஜெர்மானியச் சொல். அவர்களுடைய சொந்தச் சொல்லான ‘எமே’ இன்றைக்குப் பெரும்பாலும் குட்டி போட்ட விலங்குக்கு.

அம்மாவைக்கூடக் கடன் வாங்குவார்களா என்று கேட்காதீர்கள். மதுரையில் தெருவுக்கு நாலு ‘மம்மி’ இருக்கிறார்கள். இதைக் கண்டிக்கும் பட்டிமன்றப் பேச்சாளர்கள், “மம்மி என்றால் எகிப்தியப் பிணம்” என்று சொல்லிக் கைத்தட்டல் வாங்குகிறார்கள். பிணத்தின் ‘மம்மி’ பாரசீகத்தில் மெழுகைக் குறிக்கும் ‘மூம்’ என்ற சொல்லிலிருந்து அரபி ‘மூமியா’ வழியாக வந்தது. ஆங்கிலப் பிள்ளையின் ‘மம்மி’ நம் பேரனின் ‘மம்மம்’ வகை. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லலாம், பிணத்தை ஏன் இழுக்க வேண்டும்?

எனக்கு இதில் ஒரு பழைய காயம் உண்டு. நாங்கள் மேலூர்ப் பக்கம். ஐந்தாம் வகுப்பு முடித்து டவுன் பள்ளிக்கு வந்தபோது, “உங்க வீட்டுல யாரு வந்திருக்கா?” என்று கேட்ட ஆசிரியரிடம் “ஆத்தா வந்திருக்கு” என்றேன். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். “அம்மா வந்திருக்காங்கன்னு சொல்லு, ஆத்தாவாம் ஆத்தா” என்றார். அன்றிலிருந்து பள்ளியில் அம்மா, வீட்டில் ஆத்தா என்று இரண்டு தாய் எனக்கு. எத்தனையோ வருடம் கழித்து, யாய் ஞாய் படித்தபோதுதான், ‘ஆய்’ என்ற அந்த அடிச்சொல்லுக்கு மேலூரும் உசிலம்பட்டியும் எவ்வளவு பக்கம் என்று தெரிந்தது. ஆய், ஆயி, ஆத்தா, ஆச்சி. அப்பனைப் பெற்ற ஆத்தா அப்பத்தா, அம்மாவைப் பெற்ற ஆச்சி அம்மாச்சி. காரைக்குடிப் பக்கம் போனால் அம்மாவைப் பெற்றவள் ஆயா. யாருடைய தாய் என்பதைச் சொல்லுக்குள்ளேயே வைத்துக் கட்டும் பழைய வேலையை யாய் ஞாய் போனபிறகு இவை செய்துகொண்டிருக்கின்றன. ‘பாட்டி’ என்று சொன்னால் எந்தப் பாட்டி என்று கேட்க வேண்டும். அப்பத்தா என்றால் கேட்க வேண்டியதில்லை.

இன்னொன்று, இந்தச் சொற்கள் நம் ஊரில் கீழ்நோக்கியும் பாயும். மகளை “என்னத்தா, சாப்ட்டியா?” என்போம். பஸ் கண்டக்டர் கல்லூரிப் பெண்ணை “உள்ள போம்மா” என்பார். ஆத்தா என்னை இன்னும் “ஏய்யா” என்றுதான் கூப்பிடுகிறாள். வங்காளிகளும் மகளை ‘மா’ என்று கூப்பிடுவார்கள். சங்கப் பாட்டுகளில் தோழி தலைவியையே ‘அன்னை’ என்பாள். “அன்னை என்னை என்றலும் உளவே” என்று தொல்காப்பியர் அதற்கு ஒரு நூற்பாவே எழுதியிருக்கிறார், பழைய வழக்கம், கேள்வி கேட்காதே என்கிற தொனியில்.

பேரனுக்கு இப்போது பதினோரு மாதம். ‘த்தா’ வர ஆரம்பித்திருக்கிறது. தாத்தா என்கிறான் என்று நான் சொல்கிறேன். ஆத்தா தன்னைத்தான் என்கிறாள். வாசலைப் பார்த்துச் சொல்கிறான், அது டாட்டா என்கிறாள் மகள். மருமகன் இதிலெல்லாம் கலந்துகொள்வதில்லை. அவர் ‘ப்பா’வுக்காகக் காத்திருக்கிறார்.